பொட்டு வைத்த சிலிண்டர்

வீட்டில் என் ஆராய்ச்சியைப் பற்றி இருந்தது ஒரே கேள்விதான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அடுக்களையிலிருந்து அம்மா கேட்பாள்.

“ஒட்டிகிச்சா?”

“இல்லம்மா.”

“சரி, கை கால் கழுவிட்டு வா.”

பல மாதங்கள் இந்தப் பேச்சு ஓர் எழுத்துகூட மாறாமல் நடந்தது. அம்மாவுக்கு நான் செய்வது புரியவில்லை என்று சொல்ல முடியாது. என் ஆய்வை மதிப்பிடும் குழுவினர் ஆங்கிலத்தில் சுற்றி வளைத்துக் கேட்டதும் கடைசியில் இதைத்தான்.

அப்பா மாமல்லபுரத்தில் சுற்றுலா வேன் ஓட்டுகிறார். சென்னை ஓட்டல்களிலிருந்து ஆட்களை ஏற்றிவந்து, கடற்கரைக் கோயில், சதுரங்கப்பட்டினம் கோட்டை என்று காட்டிவிட்டு மாலையில் திரும்பக் கொண்டுபோய் விடுவார். வழியில் பேச்சு வற்றினால் என்னை எடுப்பார். தன் மகள் ஒரு பிளாஸ்டிக் தோல் செய்வதாகவும், அதைப் பிளேடால் கீறினால் நம் தோலைப் போலத் தானாகவே ஆறிவிடும் என்றும் சொல்வார். ஒருமுறை ஒரு பயணி அதை டயரில் போடலாமா என்று கேட்டிருக்கிறார். அன்றிலிருந்து அப்பாவுக்கு அந்தக் கேள்வி பிடித்துக்கொண்டது. “டயருக்கு எப்பமா வரும்?” என்று அடிக்கடி கேட்பார். நான் செய்வது தண்ணீர் வடிகட்ட என்று சொன்னால், அதுவும் சரிதான், அது முடிந்த பிறகு டயருக்கு வரட்டும் என்பார்.

அப்பா பயணிகளிடம் சொன்னது பெரும்பாலும் சரி. நான் செய்தது சாயத் தண்ணீரைச் சுத்தம் செய்யும் சவ்வு. வெங்காயத்தின் உள்தோலைவிட மெல்லியது. அதன் உடம்பு ஒரு பாலிமர். அதற்குள் மாவு மாதிரி இருக்கும் ஒரு படிகத்தைக் கலப்பேன். கண்ணுக்குத்தான் மாவு. உள்ளே ஒவ்வொரு துகளும் அறை அறையாகக் கட்டிய கட்டடம். மூலைகளில் உலோக அணுக்கள், அவற்றை இணைக்கும் சட்டங்களாகக் கரிம மூலக்கூறுகள், நடுவில் வெறும் இடம். அந்த வெறும் இடத்துக்காகத்தான் உலகம் முழுக்க இந்தப் படிகங்களின் பின்னால் அலைகிறார்கள். நான் அதில் ஒட்டவைக்கும் சிறு மூலக்கூறு ஒன்றை முன்கூட்டியே நிரப்பி வைப்பேன். சவ்வு கிழிந்தால், கிழிந்த ஓரத்தில் இருக்கும் படிகங்களிலிருந்து அது மெல்லக் கசிந்து, இரண்டு ஓரங்களையும் பிடித்துச் சேர்க்க வேண்டும். அப்படிச் சேர்க்கிறது என்று காட்டுவதுதான் என் ஆய்வேட்டின் மூன்றாவது அத்தியாயம்.

சோதனை எளிது. ஓர் எஃகுக் கிண்ணத்தின் அடியில் சவ்வைப் பொருத்துவேன். அதன் மேல் நீலச் சாயம் கலந்த தண்ணீர். மூடியை முறுக்கி, நைட்ரஜன் சிலிண்டரைத் திறந்து, வாயுவின் அழுத்தத்தால் தண்ணீரைச் சவ்வின் வழியாகத் தள்ளுவேன். நல்ல சவ்வு என்றால் கீழே தெளிந்த நீர் சொட்டும். கீறிய சவ்வு என்றால் நீலம் சொட்டும். நீலம் நின்று தெளிவு வந்தால், அம்மாவின் மொழியில், ஒட்டிகிச்சு.

ஒருமுறை ஒட்டியது. போன ஆயுத பூஜையின்போது.

விடுமுறைக்கு முந்தைய நாள் காலையில், கீறிய சவ்வைப் பொருத்தி, சிலிண்டரைத் திறந்து, அழுத்தமானியின் முள் நிற்க வேண்டிய இடத்தில் கறுப்பு மார்க்கரால் ஒரு கோடு போட்டேன். கீழே நீலம் சொட்டியது. எதிர்பார்த்ததுதான். பகலில் ஆய்வகத்தில் பூஜை. பண்டிகைக் கூட்டத்தில் செங்கல்பட்டில் பஸ் கிடைக்காது என்று நான் பூஜைக்கு நிற்காமல் கிளம்பிவிட்டேன். இடையில் ஒரு நாள் விடுமுறை. விஜயதசமி அன்று முற்பகலில் திரும்பி வந்தபோது முள் என் கோட்டிலேயே நின்றது. கீழே வைத்த பாட்டிலில் எதிர்பார்த்ததைவிட மிகக் கொஞ்சமே தண்ணீர், அதுவும் வெளிறிய நீலம். குழாயிலிருந்து அப்போது விழுந்துகொண்டிருந்த சொட்டு, கண்ணாடி மாதிரி.

பாட்டிலில் தண்ணீர் குறைவாக இருந்ததை வைத்துக் கணக்குப் போட்டேன். ஓட்டம் சீக்கிரமே அடங்கியிருக்கிறது, அப்படியென்றால் கீறல் சீக்கிரமே மூடியிருக்கிறது, முழு அழுத்தம் இருக்கும்போதே மூடியிருக்கிறது. என் வழிகாட்டியான பேராசிரியை, பொதுவாக எதற்கும் சிரிக்காதவர், அன்று இரண்டு முறை சிரித்தார். ஆய்வேட்டின் தலைப்பில் ‘இயங்கு அழுத்தத்திலேயே தானாக ஆறும்’ என்ற சொற்கள் ஏறின. தலைப்பு ஆய்வுக் குழுவில் பதிவாகியது.

அதற்குப் பிறகு ஒரு சவ்வுகூட ஆறவில்லை.

நான் பட்டியல் போடுகிறவள். மளிகைக்கும் போடுவேன், கோபத்துக்கும் போடுவேன். எது மாறியிருக்கும் என்று ஒரு பட்டியல் போட்டு ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன். வேறொரு முறை தயாரித்த படிகமோ என்று பழைய புட்டியின் அடியில் சுரண்டி எடுத்துப் பார்த்தேன். பாலிமர் பழையதாகிவிட்டதோ என்று புதிதாக வரவழைத்தேன். அக்டோபரில் காற்றில் ஈரம் அதிகம் என்று, குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு வேர்க்க வேர்க்க ஒரு வாரம் வேலை செய்தேன். கீறிய பிளேடின் கம்பெனியைத் தேடி அதே பிளேடு வாங்கினேன். தண்ணீர், சாயம், ரப்பர் வளையம், என் கை. எல்லாவற்றையும் அடித்த பிறகும் குழாயில் நீலம்தான் சொட்டியது. என் விரல் நகங்களின் ஓரத்தில் அந்த நீலம் நிரந்தரமாகவே தங்கிவிட்டது. பேருந்தில் பக்கத்தில் உட்கார்ந்த ஓர் அம்மாள் பெயின்ட் வேலையா என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்குவதற்குத் தெம்பில்லை.

காலையில் மாமல்லபுரத்திலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டுக்குப் பேருந்து, அங்கிருந்து மின்சார ரயில், இறங்கி வெயிலில் நடை. மாலையில் இதுவே தலைகீழாக. வேலை ஓடினால் இந்தத் தூரம் தெரியாது. ஓடாதபோது ஒவ்வொரு நிறுத்தமும் தெரியும். பரனூரில் ரயில் காரணமில்லாமல் நின்றால் கண்ணில் தண்ணீர் வரும் நிலைக்கு வந்திருந்தேன்.

ஏப்ரலில் பேராசிரியை கூப்பிட்டுச் சொன்னார். எனக்குக் கொடுத்த கடைசி நீட்டிப்பு முடியப்போகிறது, அடுத்த மாதம் குழு கூடுகிறது. ஒரே ஒரு முறை நடந்ததை வைத்து அவர் கையெழுத்துப் போட மாட்டார். இன்னொரு முறை ஆறிக் காட்டினால் மூன்றாவது அத்தியாயம் இருக்கும். இல்லையென்றால் அதை எடுத்துவிட்டு வேறொன்றைத் தொடங்க வேண்டும். வேறொன்று என்றால் குறைந்தது ஒரு வருடம், அதுவும் பல்கலைக்கழகம் தனியாக மனமிரங்கினால். அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்கும் கோபப்பட ஏதாவது கிடைத்திருக்கும். என்னிடம் இன்னொரு வருடம் மிச்சம் இல்லை என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது.

அந்தச் சிலிண்டரையும் கிண்ணத்தையும் என்னோடு பங்குபோட்டுக்கொண்டவள் ஒருத்தி இருந்தாள். செங்கல்பட்டு பஜாரில் அவளுடைய அப்பாவுக்குத் துணிக்கடை. பட்டியல் எதுவும் போட மாட்டாள். அவள் வேலை மட்டும் எப்படியோ நேரத்துக்கு முடிந்துவிடும். மாலையில் இருவரும் ஒரே ரயிலில் திரும்புவோம். அந்த வாரத்தில் ஒருநாள் அவளுடைய போனில் இடம் நிரம்பிவிட்டது என்று, ரயிலில் உட்கார்ந்து பழைய படங்களை ஒவ்வொன்றாக அழித்துக்கொண்டு வந்தாள். அழிப்பதற்கு முன் எனக்குக் காட்டுவாள். அவளுடைய அக்கா குழந்தையின் படங்களே நாலு நிலையத்துக்கு ஓடின.

“இத பாரு. பொரிகூடத் துன்னாம நீ ஓடிப்போனியே, அன்னிக்கு எடுத்தது.”

ஆயுத பூஜைப் படம். ஆய்வகத்தில் எல்லோரும் வரிசையாக நிற்கிறார்கள். பேராசிரியையின் கையில் ஆரத்தித் தட்டு. என் தோழி ஒரு ஓரத்தில் வாய் நிறையச் சுண்டலோடு. பின்னால் என் சிலிண்டரில் வாழைக்கன்று கட்டியிருக்கிறது. கிண்ணத்தின் மூடியில் சந்தனம், அதன் மேல் குங்குமம். அழுத்தமானியின் கண்ணாடியில்கூட ஒரு பொட்டு. பொட்டுக்குக் கீழே, என் கறுப்புக் கோட்டிலிருந்து வெகுதூரத்தில், முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது.

போனை வாங்கி விரலால் பெரிதாக்கினேன். பூஜ்யம்தான்.

“இன்னாடி? பேயப் பாத்த மாதிரி பாக்கற?”

“முள் கீழ கீது.”

“எந்த முள்ளு?”

காட்டினேன். அவளும் அந்தச் சிலிண்டரோடு குடித்தனம் நடத்துகிறவள். அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. சிங்கபெருமாள்கோவில் தாண்டும்வரை படத்தைச் சின்னதாக்கியும் பெரிதாக்கியும் பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள், “இத மட்டும் அழிக்கல” என்று சொல்லிப் போனைப் பையில் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் காலையில் ஆய்வக உதவியாளரிடம் போனேன். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணன்தான். பூஜை சாமான்கள், பொட்டு, வாழைக்கன்று எல்லாம் அவர் பொறுப்பு. டீ பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தார். ஆயுத பூஜைக்கு என் சிலிண்டரை மூடினாரா என்று கேட்டேன்.

“மூடித்தான் வச்சேன். ஓடிகினு கீற மிஷினுக்கு எவனாவது பொட்டு வப்பானாமா?”

அதை அவர் நியாயம் கேட்பது போலத்தான் சொன்னார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. எங்கள் வீட்டில் அப்பா ஆயுத பூஜையன்று வேனின் சாவியையே சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிடுவார். அவசரம் என்று யார் கேட்டாலும் எடுக்க மாட்டார். பிறந்ததிலிருந்து பார்த்த விஷயம். ஆய்வகத்தில் மட்டும் அது என் ஞாபகத்துக்கு வரவேயில்லை.

திரும்ப எப்போது திறந்தார் என்று கேட்டேன். விஜயதசமி காலையில், நல்ல நேரம் பார்த்து, எல்லா இயந்திரங்களையும் ஒருமுறை ஓடவிட்டாராம். புதிதாகத் தொடங்க வேண்டிய நாள் அல்லவா. என்னுடையதை நான் போட்டிருந்த கோட்டுக்கே சரியாகக் கொண்டுவந்து வைத்திருக்கிறார். நான் வந்து பார்த்தது அதைத்தான்.

“ஏன், எதுனா கெட்டுப்போச்சா?” என்றார்.

“இல்லண்ணா. நல்லாயிடுச்சு.”

“அப்ப இன்னாத்துக்கு மூஞ்ச இப்டி வச்சிகினு கீற?”

பாட்டிலில் தண்ணீர் குறைவாக இருந்தது கீறல் மூடியதால் அல்ல, வால்வு மூடியதால். அந்த ஒன்று புரிந்ததும் மற்றதெல்லாம் கடகடவென்று வந்தது. அழுத்தம் இருக்கும்போது கீறலின் வழியாகத் தண்ணீர் பாய்ந்துகொண்டே இருக்கிறது. படிகங்களிலிருந்து கசியும் ஒட்டவைக்கும் மருந்தை, அது ஓரங்களைப் பிடிப்பதற்குள், அந்த ஓட்டம் அடித்துக்கொண்டு போய்விடுகிறது. தண்ணீர் நின்றால்தான் மருந்து அங்கேயே தங்கும். பண்டிகை முழுக்க என் சவ்வு அசையாத நீரில் ஊறிக் கிடந்திருக்கிறது. அதற்குப் பின் வந்த மாதங்களில், வெற்றி பெற்ற அதே நிலையில் சோதிக்கிறேன் என்று நினைத்து, ஒவ்வொரு சவ்வையும் ஒரு நிமிடம்கூட விடாமல் அழுத்தத்தில் வைத்திருக்கிறேன்.

தோழி நாற்காலியில் சாய்ந்துகொண்டு சிரித்தாள். “லீவு குடுத்தாதான்டி அதுவே ஆறுது. நீ ஞாயித்துக்கெழமகூட வந்து நிக்கற.”

நின்ற நீரில் மூலக்கூறு பரவ நேரம் பிடிக்கும். அதில் யாருக்கும் அறிவுரை எதுவும் இல்லை. ஆனால் அன்று அவள் சொன்னது எரிச்சலாக இருந்தது என்பதும் உண்மை.

பிறகு அவளே கொஞ்சம் மெதுவாக, தலைப்பில் இருப்பது ஒரு வார்த்தைதானே என்றாள். நிறுத்திவைத்து ஆறவிட்டு, ஆறியதை மட்டும் காட்டினால் போதாதா, எப்போது ஆறியது என்று யார் கேட்கப்போகிறார்கள். அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அவள். நானும் அதை யோசிக்காமல் இல்லை. ஒரு முழு மத்தியானம் யோசித்தேன். ஆனால் ‘இயங்கு அழுத்தத்திலேயே’ என்று அச்சில் போட்டால், எங்கேயோ ஒருவர் அதை நம்பிக் கிழிந்த சவ்வை ஓடவிட்டுக்கொண்டே காத்திருப்பார், நான் காத்திருந்த மாதிரி. அந்தக் காத்திருப்பு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

மாலையில் பேராசிரியையின் அறைக்குப் போனேன். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். படத்தைக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார், போட்டுக்கொண்டும் பார்த்தார். ஆரத்தித் தட்டோடு நடுவில் நிற்பவர் அவர்தான்.

“அப்ப ஓடும்போது ஆறாது” என்றார்.

“ஆறாது மேம். நிறுத்தி வச்சாதான்.”

“லீவு கேக்கற மெம்பிரேனை எந்த ஆலைக்காரன் வாங்குவான்?”

இந்தக் கேள்விக்கு ரயிலிலேயே பதில்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தேன். வாயில் வந்தது ஒன்றுதான். எந்த ஆலையும் சவ்வுகளைக் கழுவுவதற்காக அவ்வப்போது நிறுத்தத்தான் செய்கிறது, அந்த நேரத்தில் ஆறிக்கொள்ளலாம்.

“அந்த நேரம் போதுமா?”

“தெரியாது மேம்.”

அவர் சிவப்புப் பேனாவின் மூடியைத் திருகினார், திறந்தார். தெரியாது என்று நான் சொன்னது அவருக்குப் பிடித்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. திங்கட்கிழமை தன் கண் முன்னால் சிலிண்டரைத் திறக்கச் சொன்னார். தெளிந்த நீர் வந்தால், தலைப்பை மாற்றக் குழுவிடம் அவரே பேசுவார். நீலம் வந்தால் அத்தியாயத்தை எடுத்துவிடலாம். இரண்டில் எதுவானாலும் திங்கட்கிழமையோடு முடிந்துவிடும் என்பதே எனக்கு ஆறுதலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை புதிய சவ்வைக் கீறினேன். நீலம் சொட்டுவதை உறுதி செய்துகொண்டு, வால்வை மூடினேன். முள் படுத்தது. உதவியாளர் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, பொட்டு வைக்க வேண்டுமா என்று கேட்டார். கிண்டலா அக்கறையா என்று கண்டுபிடிக்க முடியாத குரல் அவருக்கு. வேண்டாம், யாரும் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்றேன்.

சனியும் ஞாயிறும் எனக்குச் செய்வதற்கு எதுவும் இல்லை. செய்யாமல் இருப்பதுதான் சோதனை. சனிக்கிழமை முக்கால்வாசி தூங்கினேன். ஞாயிற்றுக்கிழமை அப்பா வேன் கழுவும்போது கூட நின்று குழாயைப் பிடித்தேன். ஓடும்போது ஆறாது, நிறுத்திவைத்தால்தான் ஆறும் என்று தெரிந்துவிட்டதாகச் சொன்னேன். அப்பா துணியைப் பிழிவதை நிறுத்திவிட்டார்.

“அப்ப டயருக்கு ஆவாது.”

“ஆவாதுப்பா.”

முன்சக்கரத்தை முடிக்கும்வரை அதே யோசனையில் இருந்தார். பிறகு, “வண்டிய தெனம் ஷெட்டுல நிறுத்தத்தான செய்றோம்?” என்றார். என் பேராசிரியைக்கு நான் சொன்ன பதில் அதுதான் என்று அவரிடம் சொன்னேன். அவருக்கு மிகவும் திருப்தி. அடுத்த வாரப் பயணிகளுக்கு விஷயம் கிடைத்துவிட்டது.

திங்கட்கிழமை பேராசிரியை வகுப்புக்கு முன்பே வந்துவிட்டார். தோழி தன் வேலையைப் பார்ப்பதுபோல் பக்கத்தில் நின்றாள். உதவியாளர் அண்ணன் ஏற்கெனவே துடைத்த மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வால்வைத் திருகி முள்ளைக் கோட்டுக்குக் கொண்டுவந்தேன்.

முதல் சொட்டு நீலம். இரண்டாவதும்.

குழாயில் வெள்ளிக்கிழமை தங்கிய சாயம் அது. எனக்குத் தெரியும், பேராசிரியைக்கும் தெரிந்திருக்கும். குழாயைக் கழுவ வேண்டும் என்பது என் பட்டியலில் இருந்தது. ஆனால் கழுவினால் சவ்வு அசையுமோ என்று விட்டிருந்தேன். தெரிந்திருந்தும் கையை வால்விலிருந்து எடுக்கவில்லை. அடுத்த சொட்டு கொஞ்சம் வெளிறியது. அதற்கடுத்தது இன்னும். பிறகு ஒன்று, நீலமா இல்லையா என்று சொல்ல முடியாதபடி குழாயின் நுனியில் தொங்கி விழுந்தது. பேராசிரியை புதிய சோதனைக் குழாய் ஒன்றை அடியில் பிடித்தார். அது கால்வாசி நிறைந்ததும் சன்னலுக்குக் கொண்டுபோய், ஒரு வெள்ளைத்தாளின் முன்னால் தூக்கிப் பார்த்தார். தாள் வெள்ளையாகவே தெரிந்தது.

“நிறமானியில போட்டு, சாயம் எவ்வளவு இருக்குன்னு எண்ணைக் கொண்டா” என்றார். பிறகு கதவருகில் நின்று, “தலைப்பை மாத்து. குழுகிட்ட நான் பேசறேன். கழுவற நேரத்துக்குள்ள ஆறுதான்னு இன்னும் நாலு தடவை வேணும்” என்று சொல்லிவிட்டு வகுப்புக்குப் போனார்.

தோழி என் முதுகில் ஒன்று வைத்தாள். “கொஞ்சமாவது சந்தோஷப்படுடி.”

படுகிறேன் என்றேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். தெளிந்த சொட்டுகள் விழுந்துகொண்டே இருந்தன. அண்ணன் டீ கொண்டுவந்து வைத்ததைக்கூட ஆறிய பிறகுதான் பார்த்தேன். பகலில் தலைப்பிலிருந்த ‘இயங்கு அழுத்தத்திலேயே’ என்பதை அழித்து, ‘அழுத்தம் நீக்கிய நிலையில்’ என்று தட்டச்சு செய்தேன். பழைய தலைப்பு இதைவிடக் கேட்க நன்றாக இருந்தது.

அன்று மாலை பேருந்தில் திருக்கழுக்குன்றம் வரை நின்றுகொண்டே வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றினேன்.

“ஒட்டிகிச்சா?”

“ஒட்டிகிச்சு.”

அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. அம்மா எட்டிப் பார்த்தாள். இந்தப் பதிலுக்கு அடுத்து என்ன சொல்வது என்று அவளுக்குப் பழக்கமில்லை.

“அப்ப இனிமே நேரத்தோட வூட்டுக்கு வருவியா?”

“இன்னும் நாலு ஒட்டணும்மா.”

கரண்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது.

“சரி, கை கால் கழுவிட்டு வா.”